உயரக் கிளை வெட்ட பெட்ரோல் போல் சா: ஸ்டில் ஹெச்டி 103, ஹெச்டி 133 யாருக்கு உதவும், யாருக்கு உதவாது

தொரட்டி இல்லாத தோட்டம் நம்மூரில் அபூர்வம். முருங்கைக்காய் பறிக்க, மாங்காய் இழுக்க, காய்ந்த சுள்ளியை ஒடிக்க எல்லாவற்றுக்கும் அந்த ஒரு கழிதான். அதே கழியின் நுனியில் அரிவாளுக்குப் பதிலாகக் குட்டி செயின்சாவையும் அடியில் இன்ஜினையும் வைத்தால் போல் சா ஆகிவிடுகிறது. கடைகளில் போல் ப்ரூனர் என்றும் சொல்வார்கள். விலை கையடக்கமானதில்லை. சாதாரண செயின்சாவை ஒரு கையிலும் ஏணியை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு ‘இதற்கு ஏன் இவ்வளவு செலவு’ என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஏணியில் ஏறாமல் இருப்பதற்குத்தான் அந்தச் செலவு. இந்த மெஷினில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது, இரண்டு காலும் தரையில் இருக்கும் வசதி. வாங்கிய பிறகு அந்த வசதியைத் தாங்களே கெடுத்துக்கொள்பவர்கள்தான் அதிகம். எப்படிக் கெடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்த மதிப்பீடு பயன்படும்.

முதலில் மெஷின். ஸ்டில் கம்பெனியின் ஹெச்டி 103-ல் 31.4 சிசி இன்ஜின், 1.05 கிலோவாட். ஹெச்டி 133-ல் 36.3 சிசி, 1.4 கிலோவாட். இரண்டுக்கும் குழாய் நீளும். சுருக்கினால் 270 சென்டிமீட்டர், முழுக்க நீட்டினால் 390. எடை 7 முதல் 8 கிலோவுக்குள். இன்ஜின் நான்கு ஸ்ட்ரோக் வகைதான், ஆனாலும் தனி ஆயில் தொட்டி கிடையாது; பெட்ரோலில் கலந்த ஆயிலே உள்ளே மசகு போடும். ஃபோர் ஸ்ட்ரோக் என்று கேட்டதும் வெறும் பெட்ரோலை ஊற்றினால் இன்ஜின் இறுகி நின்றுபோவது இதனால்தான். கலவை 50-க்கு 1. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி நல்ல டூடி ஆயில். கேனில் கலந்து குலுக்கிவிட்டுத்தான் டாங்கில் ஊற்ற வேண்டும்.

மா, சப்போட்டா, வேம்பு, புங்கன் கவாத்துக்கு 103 போதும். புளி போன்ற கெட்டி மரமும் நாள் முழுக்க வேலையும் இருந்தால் 133-ன் கூடுதல் சக்தி தெரியும். சக்தி கூடினால் தடித்த கிளையை வெட்டலாம் என்று கணக்குப் போடாதீர்கள். பார், அதாவது சங்கிலி சுற்றி ஓடும் தகடு, 30 சென்டிமீட்டர் நீளம் என்பதற்காக 25 சென்டிமீட்டர் கிளையில் வைக்கக் கூடாது. தலைக்கு மேல் கழி நுனியில் வெட்டும்போது 15 சென்டிமீட்டரோடு நிறுத்திக்கொள்வது புத்தி. அதற்கு மேல் போனால் கயிறு கட்டி இறக்கத் தெரிந்த ஆட்களின் வேலை.

எடை விஷயத்தில் கடையில் ஏமாந்துவிட வாய்ப்பு உண்டு. எட்டு கிலோ அரிசிப் பையைத் தூக்குவது வேறு, எட்டு கிலோ கழியை நீட்டிப் பிடிப்பது வேறு. கழி சுருங்கியிருக்கும்போது இன்ஜின் பின்னால் இழுத்து எடையைச் சமன் செய்யும். முழுக்க நீட்டியதும் நுனியில் இருக்கும் கியர் தலை, பார், சங்கிலி எல்லாம் நான்கு மீட்டர் தள்ளி நின்று கீழே அழுத்தும். கடையில் கேட்டு வாங்கிப் பார்க்கும்போது முழுக்க நீட்டி, தோள்பட்டை வாரை மாட்டி, பத்து நிமிடம் தலைக்கு மேல் பிடித்துப் பாருங்கள். வார் இல்லாமல் இந்த வேலையே செய்யக் கூடாது. கை நடுங்க ஆரம்பித்தால் பார் வெட்டுக்குள் கோணிக்கொள்ளும், கோணினால் சிக்கும். எட்டுகிற கிளைக்கெல்லாம் கழியை முழுக்க நீட்டாமல் தேவையான அளவு மட்டும் நீட்டினால் பாதிக் களைப்பு குறையும்.

60 டிகிரி எதற்கு

கழியைத் தரைமட்டத்திலிருந்து 60 டிகிரிக்கு மேல் நிமிர்த்தாதே என்று கையேட்டில் போட்டிருக்கும். யாரும் படிப்பதில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் புரியும். 390 சென்டிமீட்டர் கழியை 60 டிகிரி சாய்வில் பிடித்தால் நுனி கிட்டத்தட்ட 340 சென்டிமீட்டர் மேலே போகும். இடுப்பு உயரத்தையும் சேர்த்தால் நாலேகால், நாலரை மீட்டர். அதே நேரம் வெட்டுமிடம் உங்கள் காலிலிருந்து 195 சென்டிமீட்டர் பக்கவாட்டில் தள்ளி நிற்கும். அந்த இரண்டு மீட்டர்தான் உங்கள் உயிர். இன்னும் அரை மீட்டர் எட்டட்டும் என்று கழியைச் செங்குத்தாக்கினால் உயரம் ஐம்பது சென்டிமீட்டர் கூடும், பக்கவாட்டுத் தூரம் பூஜ்யமாகும், கிளை நேராகத் தலையில் இறங்கும்.

என்ன எடை இறங்கும் என்பதையும் பார்த்துவிடுவோம். பச்சை மரம் ஏறக்குறைய தண்ணீரின் எடைக்கு வரும். பத்து சென்டிமீட்டர் தடிமனில் மூன்று மீட்டர் நீளக் கிளை என்றால் இருபது கிலோவுக்கு மேல், இலையும் சிறு வாதுகளும் தனி. பதினைந்து சென்டிமீட்டர் தடிமன் என்றால் அதே மூன்று மீட்டர் ஐம்பது கிலோவைத் தாண்டிவிடும். சிமென்ட் மூட்டை எடை. நான்கு மீட்டரிலிருந்து விழும் எதுவும் தரையைத் தொடும்போது மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் வரும். தொட்டதும் அங்கேயே கிடக்காது. அடிப்பகுதி முதலில் குத்தினால் கிளை உங்கள் பக்கமே சாயலாம், இலைப்பகுதி முதலில் பட்டால் ஸ்பிரிங் மாதிரி துள்ளும்.

இன்னொன்று பலருக்கும் தெரியாது. வெட்டுப்பட்ட கிளை சில நேரம் கழியின் மேலேயே விழுந்து, அதன் வழியாக வழுக்கிக்கொண்டு நேராகக் கைக்கு வரும். கழிக்கு நேர் பின்னால் நிற்காமல் சற்று ஒதுங்கி நிற்பதும், பின்வாங்கும் வழியில் கல், மட்டை, குழாய் எதுவும் இல்லாமல் முன்கூட்டியே கூட்டி வைப்பதும் இதற்காக. மற்றவர்கள் 15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். கிளையைப் பிடித்து இழுக்கிறேன் என்று கீழே நிற்கும் மச்சானுக்கும் இதே விதிதான்.

வெட்டும் முறை

கீழ்க் கிளையிலிருந்து மேலே போக வேண்டும். மேலே உள்ளதை முதலில் வெட்டினால் கீழ்க் கிளைகளில் மாட்டிக்கொண்டு தொங்கும். தொங்கும் கிளை எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. நீளமான கிளையை அடியில் ஒரே வெட்டாக வெட்டாமல் நுனியிலிருந்து ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் துண்டுகளாகக் கழித்துக்கொண்டு வாருங்கள். ஓட்டுக் கூரை, சின்டெக்ஸ் தொட்டி, கார் ஷெட் பக்கத்தில் இருந்தால் துண்டு இன்னும் சிறியதாக.

பத்து சென்டிமீட்டருக்கு மேல் தடித்த கிளைக்கு மூன்று வெட்டு. கடைசியாக எந்த இடத்தில் வெட்ட வேண்டுமோ அங்கிருந்து 20 சென்டிமீட்டர் வெளியே முதலில் கீழ்ப்பக்கம் ஒரு வெட்டு. தடிமனில் கால் பங்கு ஆழம் போதும். 12 சென்டிமீட்டர் கிளை என்றால் 3 சென்டிமீட்டர். ஆழம் கூடினால் கிளையின் எடை வெட்டை மூடிப் பாரைக் கவ்விவிடும். இந்த வெட்டுக்குப் பாரின் மேல் விளிம்பைப் பயன்படுத்துகிறோம். சங்கிலி அந்தப் பக்கம் வெளியே ஓடுவதால் மெஷின் உங்களை நோக்கித் தள்ளும். கால்களை அகட்டி நிற்பது அதற்காக. பிறகு மேலிருந்து இரண்டாவது வெட்டு, முதல் வெட்டிலிருந்து ஓரிரு சென்டிமீட்டர் நுனிப்பக்கம் தள்ளி. கிளை முறிந்து விழும்போது கீழ் வெட்டு வரைதான் பிளக்கும், பட்டை உரிந்து தண்டு வரை கிழியாது. மூன்றாவதாக மிச்சமிருக்கும் குட்டைத் துண்டை, கிளை தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம்போல் தடித்திருக்கும் கழுத்தை ஒட்டி, கழுத்தை வெட்டாமல் எடுக்க வேண்டும். தண்டோடு மழுங்க வழித்தால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் காயம் பெரிதாகி, மூடும் முன்னே அழுகல் உள்ளே போய்விடும்.

மேலிருந்து வெட்டும்போது பாரின் நடுவை வைக்காதீர்கள். கியர் தலையின் முட்டோ கொக்கியோ கிளையில் அழுந்தும்படி ஒட்டி வைத்து, பிறகு ஆக்சிலேட்டரை அழுத்துங்கள். கீழ் விளிம்பில் சங்கிலி உள்ளே ஓடுவதால் மெஷினை வெளியே, அதாவது கிளையை நோக்கி இழுக்கும். முட்டு அழுந்தியிருந்தால் அந்த இழுப்பைக் கிளையே தாங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் கழி முன்னால் பாய்ந்து தோளைப் பிடுங்கும். முழு வேகத்தில் வெட்டுக்குள் இறங்குங்கள், வெளியே எடுக்கும்போதும் சங்கிலி ஓடிக்கொண்டிருக்கட்டும். நின்ற சங்கிலிதான் சிக்கும்.

பாரின் நுனி மேல் கால்பகுதி பின்னால் இருக்கும் இன்னொரு கிளையில் பட்டால் உதை விழும், அதாவது பார் சட்டென்று எகிறும். சாதாரண செயின்சாவில் அந்த உதையில் செயின் பிரேக் விழுந்து சங்கிலியை நிறுத்திவிடும். போல் சாவில் செயின் பிரேக் கிடையாது. ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் சங்கிலி ஒரு கணம் ஓடும். கழி நீளமாக இருப்பதால் உதை முகத்துக்கு வராது என்பது உண்மைதான். ஆனால் கழி பக்கவாட்டில் வீசி நிலை தடுமாற வைக்கும். இலை அடர்த்தியாக இருந்தால் முதலில் சிறு வாதுகளைக் கழித்து, பாரின் நுனி எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துக்கொண்டு வெட்டுங்கள்.

சிக்கிவிட்டதா? இன்ஜினை அணைத்துவிடுங்கள். உலுக்கி இழுப்பதில் பார் வளையும், இல்லையென்றால் அரைகுறையாக வெட்டுப்பட்ட கிளை அவிழ்ந்து வரும். நம் பழைய தொரட்டி இப்போது உதவிக்கு வரும்: அதைக் கிளையின் வெளிப்பக்கத்தில் கொடுத்து மேலே நிமிர்த்தினால் வெட்டு திறந்துகொள்ளும். இரண்டாவது ஆள் பக்கவாட்டில் தள்ளி நின்று செய்ய வேண்டிய வேலை இது. போல் சா எடுத்துப் போகும்போது ஒரு நல்ல தொரட்டியும் இருபது மீட்டர் வடக்கயிறும் கூடவே இருக்கட்டும். மாட்டித் தொங்கும் கிளைகளையும் இவற்றைக் கொண்டுதான் இறக்க வேண்டும், வாளால் இல்லை.

கம்பி

இந்த மெஷினுக்கு மின்காப்பு கிடையாது. கையேடு மின்கம்பியிலிருந்து 15 மீட்டர் தள்ளி இருக்கச் சொல்கிறது. நம் தெருக்களில் 15 மீட்டர் என்றால் பாதி வீடுகளில் இதைத் தொடவே முடியாது என்பதும் உண்மை. அதற்காக விதியைச் சுருக்கிக்கொள்ள முடியாது. கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் லைன் 230 வோல்ட், தெருவில் மேலே ஓடுவது பல இடங்களில் 11,000 வோல்ட். உயரழுத்தக் கம்பியைத் தொட வேண்டும் என்பதில்லை, கிட்டே போனாலே தாவும். பச்சைக் கிளையும் மின்சாரத்தைக் கடத்தும். நீங்கள் வெட்டும் கிளையின் மறுமுனை கம்பியில் சாய்ந்தால் போதும், ஈரமும் உலோகக் குழாயும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். ரப்பர் செருப்பு, ரப்பர் கையுறை எல்லாம் இதற்கு முன் ஒன்றுமில்லை.

கிளை கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் அது உங்கள் வேலையே இல்லை. மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். அவர்களே வெட்டுவார்கள், அல்லது லைனை நிறுத்திக் கொடுப்பார்கள். பராமரிப்பு மின்தடை நாள் என்று செய்தித்தாளில் பார்த்துவிட்டு அன்றைக்குத் தாமாகவே வெட்டக் கிளம்புவது பெரிய ஆபத்து. சொன்ன நேரத்துக்கு முன்பே மின்சாரம் திரும்ப வரலாம். பக்கத்துக் கடையின் ஜெனரேட்டர் தவறான இணைப்பில் இருந்தால் நின்ற கம்பியிலும் மின்சாரம் வரலாம். லைன்மேன் நேரில் வந்து நிறுத்தி, சரி என்று சொல்லும் வரை கழியைத் தூக்கக் கூடாது.

மரமும் காலமும்

வடகிழக்குப் பருவமழைக்கு முன் கவாத்து முடிய வேண்டும் என்பதால் எல்லோரும் ஆடி, ஆவணியில் கிளம்புகிறார்கள். ஆடிக்காற்றில் இலை நிறைந்த கிளை பாய்மரம்தான். வெட்டு பாதியில் இருக்கும்போது ஒரு வீச்சு வந்தால் கிளை நினைத்த பக்கம் விழாது. காற்று எழும் முன், விடிந்த இரண்டு மணி நேரத்தில் வேலையை முடியுங்கள். முருங்கையும் மயில்கொன்றையும் சொல்லாமல் முறியும். கீழ் வெட்டைக் கட்டாயம் போட வேண்டிய மரங்கள். புளி முறியாது, ஆனால் சங்கிலியைத் தின்றுவிடும். காய்ந்த கிளை எந்த மரத்தில் இருந்தாலும் அதிர்விலேயே நடுவில் ஒடிந்து விழக்கூடும். தூங்குமூஞ்சி மரத்தின் கிடைமட்டக் கிளைகள் பார்வைக்கு மெலிந்தவை, எடையோ ஏமாற்றும்.

பராமரிப்பில் சறுக்குமிடம்

சங்கிலி மழுங்கினால் தூள் மாவாக வரும். கூராக இருந்தால் செதிலாக உதிரும். மாவு வந்ததும் நிறுத்தி அரம் போட வேண்டும், அழுத்தக் கூடாது. அழுத்தும் வேலையைத் தலைக்கு மேல் செய்கிறோம் என்பதை மறக்க வேண்டாம். இந்த மெஷினின் 1/4 இன்ச் பிட்ச் (கண்ணி இடைவெளி) சங்கிலிக்கு 3.2 மில்லிமீட்டர் உருட்டு அரம், 3/8 இன்ச் சிறுவகைக்கு 4 மில்லிமீட்டர். கடைக்காரர் கையில் கிடைத்த அரத்தைக் கொடுத்துவிடுவார்; சங்கிலியைக் காட்டி வாங்குங்கள். கோணம் 30 டிகிரி, எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை இழுப்பு. ஒரு பக்கப் பல் மட்டும் குட்டையானால் வெட்டு வளைந்து போகும்.

சங்கிலி சூடானால் நீண்டு தொங்கும், உடனே இறுக்குவோம். வேலை முடிந்ததும் தளர்த்த மறந்தால் ஆறும்போது சுருங்கிப் பாரையும் சங்கிலியைச் சுழற்றும் தண்டையும் இறுக்கும். செயின் ஆயில் இடத்தில் பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றும் பழக்கம் நம்மிடம் அதிகம். அது பாரில் ஒட்டாது, பம்ப்பை அடைக்கும். போல் சாவில் கூடுதல் தொல்லை, அது முகத்தில்தான் தெறிக்கும்.

இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். ஈரத்தை இழுக்கும். கலவையை மாதக்கணக்கில் டாங்கில் விட்டால் கார்புரேட்டரில் பிசின் படியும், அதற்குள் இருக்கும் டயாபிரம் சவ்வு விறைக்கும். வேலை முடிந்தால் டாங்கைக் காலி செய்து, இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு வைத்துவிடுங்கள். எரிபொருள் ஊற்றிய இடத்திலிருந்து 3 மீட்டராவது தள்ளிப்போய்த்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

உடம்புக்கு: ஐஎஸ் 2925 முத்திரையுள்ள ஹெல்மெட், முகத்துக்கு வலைத் திரையும் அதற்குள் கண்ணாடியும், காதடைப்பான், கெட்டி முனை ஷூ, கையுறை. மேலே பார்த்தே வேலை என்பதால் தூள் நேராகக் கண்ணில் விழும். வலைத் திரை மட்டும் போதாது. வேட்டி, லுங்கி, தோளில் துண்டு கூடாது.

வேறு வழிகள்

ஒரு மாமரமும் ஒரு வேம்பும் உள்ள வீட்டுக்கு இந்த மெஷின் தேவையில்லை. சில்க்கி ஹயாவுச்சி போன்ற கைவாள் கழியே மேல். 390 மில்லிமீட்டர் வளைந்த பிளேடு, நான்கடுக்கு மாடல் 6.3 மீட்டர் வரை நீளும். பெட்ரோல் மெஷினைவிட உயரம் எட்டும், சத்தமில்லை, ஏழெட்டு சென்டிமீட்டர் கிளை வரை பிரச்சினையில்லை. இழுக்கும்போது மட்டும் வெட்டும் என்பதால் தோள் வலிக்கும், அவ்வளவுதான். கம்பி விதியும் 60 டிகிரி விதியும் இதற்கும் அப்படியே.

ப்ரஷ் கட்டரில் மாட்டும் போல் சா தலையை விலை பார்த்து வாங்குவோர் பலர். குழாய் விட்டம் 26 மில்லிமீட்டரா 28 மில்லிமீட்டரா, உள்தண்டில் எத்தனை பல் என்று அளக்காமல் ஆன்லைனில் வாங்கினால் பொருந்தாது. பொருந்தினாலும் மலிவான தலைகளில் ஆயில் ஒழுகுவதும் இணைப்புப் பூட்டு தளர்வதும் சகஜம். உயரத்தில் தலை சுழன்றுகொள்ளும். எப்போதாவது ஒருமுறை ஓடவிட ஒத்துக்கொள்ளலாம், தினசரி வேலைக்கு இல்லை.

கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்ல வேண்டியது இரண்டு. ஒன்று, மேல் கைப்பிடி செயின்சா. எடை குறைவு, ஒரு கையால் தூக்கலாம் என்பதால் வீட்டு உபயோகத்துக்கென்று விற்கிறார்கள். அது கயிறும் பெல்ட்டும் கட்டி மரத்தில் தொங்கி வேலை செய்யப் பயிற்சி பெற்றவர்களுக்கானது. அவர்களும் இரு கையால்தான் வெட்ட வேண்டும். ஒரு கையில் வாள், மறு கையில் வெட்டும் கிளை என்று பிடித்தால் உதை விழும் பாதையில் இடது கை நிற்கிறது. இன்னொன்று, நாலு இன்ச், ஆறு இன்ச் பேட்டரி மினி செயின்சாவை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறுவது. ஏணி சாய்ந்திருப்பது அதே கிளை என்றால், நுனி விழுந்ததும் எடை குறைந்து மிச்சக் கிளை சட்டென்று மேலே எழும்பும். ஏணிக்கு முட்டு போய்விடும். தரையில் கிடக்கும் கிளையைத் துண்டு போட அந்த மினி வாள் அருமை, அங்கேயே இருக்கட்டும்.

ஏக்கர் கணக்கில் மா, சப்போட்டா வைத்திருப்பவர்கள், ரிசார்ட் பராமரிப்பவர்கள், கவாத்து ஒப்பந்தம் எடுப்பவர்களுக்கு 103 நல்ல முதலீடு. வருடத்தில் பத்து நாளுக்கு மேல் ஓடாது என்றால் வாடகைக்கு எடுங்கள். வாங்குவதானாலும் வாடகையானாலும் கடையிலேயே ஒன்று செய்துபாருங்கள்: ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரைத் தொடாமல், சுருக்கிய கழியைத் தரைக்கு இணையாகப் பிடிக்கச் சொல்லுங்கள். ஐடிலில் சங்கிலி நகர்ந்தால் ஐடில் ஸ்க்ரூவைச் சரிசெய்யச் சொல்லுங்கள். சரிசெய்தும் நகர்ந்தால் கிளட்ச் கோளாறு; அந்த மெஷினை எடுத்துவராதீர்கள்.